சரஸ்வதியின் காவலில் ஓ.டி.பி.

சரஸ்வதி பூஜையன்று காலை பத்து மணி இருபது நிமிடத்துக்கு என் போன் அடித்தது. நான் எடுத்தேன். இந்த இரண்டு வாக்கியங்களையும் சைபர் குற்றப் பிரிவில் பலமுறை எழுதிக் கொடுத்துவிட்டதால், இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிழையில்லாமல் சொல்வேன். தூக்கம்தான் சரியாக வருவதில்லை.

நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு வணிகவியல் நடத்துகிறவள். பணம் என்றால் என்ன, வங்கி எப்படி இயங்குகிறது என்று இருபது வருடத்துக்கும் மேலாகப் பிள்ளைகளின் காதில் ஓதிக்கொண்டிருக்கிறேன். போன் வழியாக நடக்கும் மோசடிகளைப் பற்றி எங்கள் பள்ளியில் விழிப்புணர்வுக் கூட்டம் நடந்தபோது வரவேற்புரை ஆற்றியதும் நான்தான். (நன்றியுரை ஆற்றியவர் தமிழாசிரியர். அவர் இன்றுவரை ஏமாறவில்லை.)

அன்று கே.கே. நகர் வீட்டில் நானும் என் கணவரின் அக்கா பாண்டியம்மாள் மதினியும் மட்டும்தான். என் கணவர், தம்பியின் டிராக்டருக்குப் பூஜை போட விடிந்ததும் செக்கானூரணிக்குப் போய்விட்டார். கோயம்புத்தூரில் கடைசி வருடம் படிக்கும் எங்கள் மகள் கயல் லீவுக்குப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள்.

என் புகுந்த வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பூஜையில் வைத்த எந்தப் பொருளையும் மறுநாள் விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டிய பிறகுதான் தொடலாம். அது என்ன பொருளானாலும் சரி. அரிவாள்மனை உள்ளே போய்விட்டதால் அன்றைக்குத் தக்காளியைக் கையால் பிசைந்துதான் ரசம் வைத்திருந்தேன். ஸ்கூட்டர் சாவி உள்ளே போய்விட்டதால் கணவர் பஸ்ஸில் போனார். அவருடைய போன், லேப்டாப், என் சிவப்பு மைப் பேனாக்கள் எல்லாம் சந்தனப் பொட்டோடு சரஸ்வதி படத்தின் காலடியில் இருந்தன.

"ஒன் போனையும் வைய்யித்தா சுமதி" என்று மதினி காலையிலேயே சொன்னார்.

"அது தொழில் கருவி இல்ல மதினி."

"விடிஞ்சதுல இருந்து அதத்தான நோண்டிக்கிட்டு இருக்க? வேற என்ன கருவி இருக்கு ஒங்கிட்ட?"

நான் சிரித்துக்கொண்டு வைக்காமல் இருந்துவிட்டேன். பள்ளி வாட்ஸ்அப் குழுவில் தலைமையாசிரியைக்குப் பூஜை வாழ்த்துச் சொல்லாவிட்டால் உலகம் நின்றுவிடும் அல்லவா.

அந்தப் போனில் முதலில் ஒரு பதிவுக் குரல். பிறகு ஒரு பெண். அதன் பிறகு வீடியோவில் காக்கிச் சட்டையும் மீசையுமாக ஓர் அதிகாரி. வடக்கே ஒரு பெருநகரத்தின் சைபர் போலீஸ் என்றார். பெயர் வர்மா. தமிழ் நன்றாகவே பேசினார். பின்னால் கொடி, தலைவர் படம், ஒரு சுவர்க் கடிகாரம். அந்தக் கடிகாரம் நின்று போயிருந்ததை நான் கவனித்தேன். தேர்வறையில் பிட்டு அடிப்பவனை முதுகைப் பார்த்தே கண்டுபிடிக்கிற கண் எனக்கு. ஆனால் அன்று என் மூளை சொன்னது இதுதான்: கடிகாரம் ஓடவில்லை, ஆகவே இது அரசு அலுவலகமேதான்.

"மேடம், உங்க பேர்ல ஒரு கிரிப்டோ அக்கவுண்ட் இருக்கா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. இருந்தது. கயலுக்குப் பதினேழு வயதானபோது, "எல்லாரும் வாங்குறாங்கம்மா, ரெண்டாயிரம் ரூபாய்க்கு மட்டும்" என்று கெஞ்சினாள். அவள் பெயரில் கணக்குத் திறக்க வயது போதாது. அப்பாவிடம் கேட்டால் வீடு இரண்டாகும். ஆகவே என் பான் கார்டையும் ஆதாரையும் கொடுத்தேன். அப்புறம் நானும் மறந்தேன், அவளும் மறந்தாள். அவர்கள் மறக்கவில்லை.

வர்மா என் ஆதார் எண்ணைக் கடைசி இலக்கம் வரை படித்தார். வீட்டு விலாசம், பள்ளியின் பெயர், கயலின் கல்லூரி. என் சர்க்கரை அளவு ஒன்றுதான் பாக்கி. நான் பார்த்துப் பார்த்துப் பீரோவில் பூட்டி வைத்த காகிதங்களெல்லாம் எந்தக் கடை வாசலில் கூறுகட்டி விற்கப்பட்டனவோ தெரியாது.

"அந்த அக்கவுண்ட் வழியா போதைப்பொருள் பணம் வெளிநாடு போயிருக்கு. இயக்கினது உங்க பொண்ணுன்னு எங்களுக்குத் தகவல்."

கயலுக்கு அப்போதுதான் கல்லூரி வழியாகச் சென்னையில் வேலை உறுதியாகியிருந்தது. சேருவதற்கு முன் போலீஸ் சரிபார்ப்பு உண்டு. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் கையில் விலங்கு, பக்கத்தில் தலைமையாசிரியை, பின்னால் செக்கானூரணி சொந்தம் மொத்தமும்.

"சார், அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் ஓப்பன் பண்ணேன். என்னைய எழுதிக்கோங்க" என்றேன். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவர் அம்புட்டு நேரம் பேசியிருக்கிறார் என்பது பிறகு புரிந்தது.

"அப்போ நீங்க இந்த நிமிஷத்துல இருந்து டிஜிட்டல் அரெஸ்ட்ல இருக்கீங்க மேடம். கேமராவ அணைக்கக் கூடாது. யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

அப்படி ஒரு கைது சட்டத்திலேயே கிடையாது. எனக்கும் தெரியும். வரவேற்புரையில் நானே சொல்லியிருக்கிறேன். ஆனாலும் அந்த நேரத்தில் எழுந்து நின்று, "சரிங்க சார்" என்றேன். புடவைத் தலைப்பைக்கூடச் சரிசெய்துகொண்டேன்.

முதலில் மகள் பெயரைத் தற்காலிகமாக நீக்கி வைக்க நாற்பதாயிரம். என் சம்பளக் கணக்கிலிருந்து அனுப்பினேன். அவசரத்தில் ரகசிய எண்ணை ஒருமுறை தப்பாகப் போட்டேன். "பதற்றப்படாதீங்க மேடம், மெதுவா போடுங்க" என்றார் வர்மா. எங்கள் வங்கியில் யாரும் என்னிடம் இவ்வளவு அன்பாகப் பேசியதில்லை.

அடுத்தது பெரிய மீன். வீட்டுக் கடன் முடிந்த பிறகு நாங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த ஐந்து லட்சம், என் பெயரிலும் கணவர் பெயரிலும் வைப்புத்தொகையாக இருந்தது. அதை உடைத்து 'சரிபார்ப்புக் கணக்கு'க்கு அனுப்ப வேண்டும். குற்றப் பணமில்லை என்று தெரிந்ததும் மாலைக்குள் திரும்பி வந்துவிடுமாம். அவர் சொல்லச் சொல்ல அழுத்தினேன். கடைசியில் ஓ.டி.பி. கேட்டது. வங்கியில் கொடுத்திருந்தது கணவரின் நம்பர்.

பூஜை அறையில் 'டிங்' என்றது.

"ஓ.டி.பி. வந்துச்சா மேடம்?"

"வந்துச்சு சார். ஆனா அது சாமிகிட்ட இருக்கு."

வர்மா திரைக்கு அருகே குனிந்தார். "எந்தச் சாமி?" என்றார்.

நான் போனைப் பிடித்தபடியே பூஜை அறைக்குப் போனேன். வாசலில் பாண்டியம்மாள் மதினி காலை நீட்டி உட்கார்ந்து பொரியில் உமி பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"எங்கத்தா போற?"

"அவரு போன எடுக்கணும் மதினி. ஒரு நிமிசம். அவசரம்."

"நாளைக்குக் காலைல."

"பள்ளிக்கூட வேல மதினி."

"சரசுவதிக்குத் தெரியாத பள்ளிக்கூடமா? நாளைக்குக் காலைல."

மறுபடியும் ஓ.டி.பி. அனுப்பும் பொத்தானை அழுத்தச் சொன்னார் வர்மா. மறுபடியும் 'டிங்'. மீண்டும் ஒரு 'டிங்'. மதினி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாரு, எடுக்காதங்குது" என்றார்.

நான் பணத்தைக் கொடுக்க முடியவில்லையே என்று அழுகிற நிலைக்கு வந்துவிட்டேன். உலகத்தில் திருட்டுக் கொடுக்க முடியாமல் அழுத ஒரே வணிகவியல் ஆசிரியை நானாகத்தான் இருப்பேன். என் விசும்பல் கேட்டு வர்மாவே பொறுமை இழந்து, "அந்த அம்மாகிட்ட போனைக் குடுங்க" என்றார்.

மதினி போனை முகத்துக்கு ஒரு முழம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "போலீசா? வாங்க சாமி. பொரி சாப்பிடுறீகளா?"

"அம்மா, இது அரசாங்க விசாரணை. அந்தப் போனை உடனே எடுத்துக் குடுங்க."

"ஒங்க ஸ்டேசன்ல ஆயுத பூஜை போடலியா?"

"...போட்டோம்."

"துப்பாக்கி, லத்திக்கெல்லாம் பொட்டு வச்சாச்சா?"

"வச்சாச்சு."

"அத இன்னைக்கு எடுப்பீகளா?"

வர்மா யோசித்தார். எடுப்போம் என்றால் நம்ப மாட்டார்களோ என்ற பயமோ, உண்மையிலேயே அவர் வீட்டிலும் ஒரு மதினி இருந்தாரோ. "எடுக்க மாட்டோம்" என்றார்.

"துப்பாக்கியவே நீங்க எடுக்க மாட்டீகன்னா, நாங்க மட்டும் போன எடுக்கணுமாக்கும்? நல்லா இருக்குய்யா நாயம்."

சர்வதேசக் குற்றக் கும்பல் ஒன்று விஜயதசமி காலை ஆறு மணி வரை வழக்கை ஒத்திவைத்தது. அதுவரை கேமரா அணையக் கூடாது, நான் அதன் பார்வையிலேயே இருக்க வேண்டும் என்று உத்தரவு. போனை ரசச் சட்டியில் சாய்த்து வைத்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தேன். மதினி வாசலில் திருஷ்டிப் பூசணிக்காயைப் போட்டு உடைத்தார். "என்ன சத்தம்? என்ன சத்தம்?" என்று வர்மா நாற்காலியை விட்டு எழுந்தது தெரிந்தது. "பூசணிக்காய் சார்" என்று கைதி விளக்கம் அளித்தாள்.

மத்தியானச் சாப்பாட்டை மதினி கொண்டுவந்து வைத்தார். அதிகாரியிடம் அனுமதி கேட்டுவிட்டுச் சாப்பிட்டேன். அவரும் எதையோ பிரித்துச் சாப்பிட்டார். எனக்கு ரசம் இறங்கவில்லை. கயல் வந்ததும் அவளிடம் எப்படிச் சொல்வது, சொல்லாமல் எப்படி அழைத்துக்கொண்டு ஓடுவது, எந்தச் சொந்தக்காரர் வீட்டில் ஒளித்து வைப்பது என்றே மனம் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்று மணிக்கு மேல் கயல் பையோடு உள்ளே வந்தாள். வாயில் விரலை வைத்துக் காட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள், ரசச் சட்டியைப் பார்த்தாள், பிறகு குனிந்து திரையைப் பார்த்தாள்.

"சார், இவளுக்கு எதுவும் தெரியாது சார்! நான்தான் சார் எல்லாம்!" என்று கத்தினேன்.

கயல் போனைக் கையில் எடுத்தாள். "அண்ணே, காலைல இருந்து எம்புட்டு தேத்துனீங்க?" என்றாள்.

திரை இருண்டது. அவ்வளவுதான். என்னை அரை நாள் சிறை வைத்த அரசாங்கம் ஒரு கேள்விக்குக் காணாமல் போய்விட்டது.

கயல் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தக் கிரிப்டோ அக்கவுண்ட்ல இப்ப எம்புட்டு இருக்குன்னு தெரியுமாம்மா? நான் வாங்குன காயின் அப்பவே ஊத்திக்கிச்சு. இருநூறு ரூபா சொச்சம் இருந்தாப் பெருசு."

"எனக்கு எப்படிடீ தெரியும்?"

"இருநூறு ரூபாய்க்கு ஜெயிலுக்குப் போறேன்னு சொல்லியிருக்கியேம்மா" என்று சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகி, என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அன்று மாலையே புகார் கொடுத்தோம். சைபர் பிரிவில் இருந்த பெண் உதவி ஆய்வாளர் என் பழைய மாணவிகளின் வயதுதான். என் நாற்பதாயிரம் யாரோ ஒரு கூலித் தொழிலாளியின் கணக்குக்குப் போய், அங்கிருந்து அதில் பெரும்பகுதி இன்னொன்றுக்குப் போய், அதன் பிறகு கிரிப்டோவாக மாறிவிட்டது என்றார். "நோட்டா இருந்தா நம்பர் இருக்கும், பேங்க்ல இருந்தா பேர் இருக்கும். இதுல எந்த வாலட்டுக்குப் போச்சுன்னு பார்க்க முடியும் டீச்சர், அது யாரோட வாலட்டுன்னுதான் தெரியாது." கண்ணாடிப் பெட்டிக்குள் பணம் போவதை எல்லோரும் பார்க்கலாம், சாவி யாரிடம் என்று மட்டும் கேட்கக் கூடாது. எனக்கு அப்படித்தான் புரிந்தது. இப்படி ஒரு பணத்துக்கு எங்கள் பாடப்புத்தகத்தில் இலக்கணமே இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் கயல் அரசாங்கக் கொள்கையையும் விளக்கினாள். கிரிப்டோ செல்லுபடியாகும் பணமில்லை என்பது அரசின் நிலை. ஆனால் அதில் லாபம் வந்தால் முப்பது சதவீதம் வரி. ஒன்றில் நஷ்டமானால் அதை இன்னொன்றின் லாபத்தில் கழித்துக்கொள்ளவும் முடியாதாம். "அப்படின்னா ஒன் இருநூறு ரூபாய்க்கு?" என்றேன். "அதுக்கு அவங்களே ஏதாவது குடுத்தாத்தான் உண்டு" என்றாள்.

கணவர் இரவு வந்து, நடந்ததைக் கேட்டுவிட்டு, சாப்பிட்டுப் படுத்துவிட்டார். திட்டியிருந்தால் கூடத் தேவலை. காலையில் கற்பூரம் காட்டித் தன் போனை எடுத்து, வரிசையாகக் கிடந்த ஓ.டி.பி.க்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "அக்கா இருந்தது நல்லதாப் போச்சு" என்றார். ஐந்து லட்சம் பிழைத்ததும், கயல் வேலையில் சேர்ந்ததும், மதினி ஏதோ பெரிய வழக்கில் சாட்சி சொல்லி ஜெயித்ததுபோல் எங்கள் சொந்தத்தில் பரவிவிட்டது. எந்தக் கல்யாண வீட்டில் யார் எதை அவசரமாகக் கேட்டாலும், "நாளைக்குக் காலைல" என்கிறார்கள். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். சிரிப்பு வருகிறது, ஆனால் களைப்பாகவும் இருக்கிறது.

தெரியாத எண் அடித்தால் இன்றைக்கும் போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். போன் கேமராமீது ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். ஆயுத பூஜைக்கு முதலில் உள்ளே போவது என் போன்தான்.

சில மாதங்கள் கழித்து, உச்சி வெயிலில் ஒரு காவலர் எங்கள் வீட்டு கேட் முன்னால் பைக்கை நிறுத்தினார். சைபர் பிரிவிலிருந்து வருவதாகவும், என் பணத்தில் நாலாயிரம் மட்டும் முதல் கணக்கிலேயே முடங்கிக் கிடப்பதாகவும், அதைப் பெற ஒரு கையெழுத்து வேண்டும் என்றும் சொன்னார். நான் கேட்டைத் திறக்கவில்லை. அடையாள அட்டையைக் கம்பி வழியாக வாங்கினேன். படம் எடுத்துச் சென்னையில் இருக்கும் கயலுக்கு அனுப்பினேன். அவள் சைபர் பிரிவு அலுவலகத்துக்குப் போன் போட்டு உறுதி செய்யும் வரை, அட்டையில் இருந்த மீசையையும் எதிரே இருந்த மீசையையும் மாறி மாறிப் பார்த்தேன். கடைசியில் கேட்டைத் திறந்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தேன்.

அவர் அண்ணாந்து முழுச் சொம்பையும் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"இம்புட்டு விசாரணைய அன்னைக்கே பண்ணியிருந்தீங்கன்னா, நான் இந்த வெயில்ல வந்திருக்கவே வேணாமே டீச்சர்."