துஷானிக்கு ஒரு கபீல்

அப்பாசியா, குவைத்.
வெள்ளிக்கிழமை, லீவு நாள்.

அன்புள்ள தம்பி மார்க்கண்டுவுக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும் வெயிலோடு நலம். நீயும் உன் மனைவியும் ரொறன்ரோவில் மிச்சக் குளிரோடு நலமாயிருக்க நல்லூர் முருகன் பார்த்துக்கொள்வான். போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து கதைப்பாய், அதனால் கடிதம். எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மருமகள் சுகந்தா எழுதுகிறாள்.

மகன் பிரவீணன் குடும்பத்துக்குக் கனடா விசா வந்துவிட்டது. எனக்கும் விசிட் விசா குத்தியாயிற்று. நீ பயப்படாதே, உன் வீட்டில் ஓர் இரவுகூடத் தங்க மாட்டோம். ஸ்கார்பரோவின் அடுத்த அந்தத்தில் ஒரு பிளாற் பார்த்தாயிற்று. சகோதரத்துக்குப் பாரமாய் இருக்கிற பரம்பரை இல்லை நாங்கள்.

விஷயம் பேத்தி துஷானியின் பள்ளிக்கூடம். செப்டம்பரில் ஒன்பதாம் வகுப்பு. உன் வீட்டுக்குக் கிட்ட இருக்கிற அரசாங்கப் பள்ளியில் வயலின் குழு இருக்கிறதாம், அங்கே இடம் கிடைக்காவிட்டால் வயலினை இனித் தொடவே மாட்டேன் என்று நிற்கிறாள். எனக்குத் தலை சுற்றியது. முப்பது வருஷம் கேம்ப் மெஸ்ஸில் சமைத்தவன் நான், வளைகுடாவை அறிவேன். அரசாங்கப் பள்ளி நாட்டுக்காரனின் பிள்ளைக்கு, நமக்குப் பீஸ் கட்டுகிற பள்ளி. எதற்கும் பொறுப்பு நிற்க ஓர் அரபி, அவன்தான் கபீல். ஆகவே முதலில் ரொறன்ரோவில் ஒரு தனியார் பள்ளியோடு கம்ப்யூட்டரில் பேசினோம். திரையில் ஓர் அம்மா வந்து நீச்சல் குளம் காட்டினா, குதிரை காட்டினா, பிறகு பீஸைச் சொன்னா. “நாங்கள் பிள்ளையைப் படிப்பிக்கத்தான் கேக்கிறம், குதிரையையும் சேத்து விலைக்குக் கேக்கேல்லை எண்டு சொல்லு பிள்ளை” என்றேன். துஷானி ஆங்கிலத்தில் நாலு சொல் சொன்னாள், அந்த அம்மா சிரித்துத் தலையாட்டினா. என்ன சொன்னாள் என்று இன்றுவரை தெரியாது.

பிரவீணன் சொல்கிறான்: “அப்பா, கனடாவிலை கபீல் இல்லை. அரசாங்கப் பள்ளி எல்லாப் பிள்ளையளுக்கும்தான். காசும் இல்லை.”

“காசும் வாங்காம, ஆளும் கேக்காம சேக்கிறதுக்கு அது பள்ளிக்கூடமோ, அன்னதான மடமோ?”

உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்காது. உன்னைக் கல்லூரியில் சேர்க்க நம் ஐயா அதிபர் வீட்டுக்கு ஒரு குலை கதலி வாழைப்பழம் கொண்டுபோனார், சுமந்தவன் நான். வழியில் நீ இரண்டு பழம் தின்றாய். இப்போதும் அப்படியே நேரே பிரவீணனின் முதலாளி அபூ நாசரிடம் போனேன். என் மீன்குழம்பைத் தின்று வளர்ந்தவர். “கனடாவில் என்னை யாருக்குத் தெரியும், பாபா?” என்றார். “உங்கள் சீலைத் தெரியாமல் போகுமா?” என்றேன். மனுசன் குளிர்ந்துபோய், துஷானி தங்கமான பிள்ளை, நான் பொறுப்பு என்று அரபியில் எழுதி இரண்டு இடத்தில் சீல் குத்தித் தந்தார். அதைப் படமெடுத்து அந்த அரசாங்கப் பள்ளிக்கு அனுப்பச் சொன்னேன். “அப்பப்பா, ப்ளீஸ், வெக்கமா இருக்கு” என்று துஷானி அழுதாள். நான் விடவில்லை.

இனி உன் வேலை. கோட்டுப் போட்டுக்கொண்டு அந்தப் பள்ளிக்குப் போ. கனடாப் பாஸ்போட்டைக் காட்டு. பிள்ளைக்குப் பொறுப்பு அபூ நாசர் அங்கே, நான் இங்கே என்று சொல். வெறுங்கையோடு போகாதே, பேரீச்சம்பழம் பார்சலில் வருகிறது. வழியில் தின்னாதே.

உன் முழங்கால் வலி குறையவும், உன் வாசலில் யாரும் பனியில் வழுக்காமல் இருக்கவும் வேண்டிக்கொண்டு,

உன் அண்ணன்.

பி.கு.: சுகந்தா கடிதத்தை மடிக்கும்போது பள்ளியிலிருந்து பதில் வந்தது. துஷானி வாசித்தாள். கடிதத்துக்கு நன்றியாம், சீல் மிக அழகாம். கபீலும் வேண்டாம், காசும் வேண்டாம். பிள்ளை அந்தப் பள்ளியின் எல்லைக்குள் உண்மையாகவே குடியிருந்தால் போதுமாம். நாங்கள் பார்த்த பிளாற் எல்லைக்கு வெளியே. உன் தெரு உள்ளே. ஆகவே பள்ளிக்குப் போகாதே. உன் பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கிற பெடியனை ஆவணிக்குள் வெளியே எழுப்பு. நாங்கள் நாலு பேர், வயலினோடு. உன் மனுசியிட்டை நீயே சொல்லு.