வெள்ளைக் கையுறையில் வைத்த காசு

வால்பரைசோ,
செவ்வாய்க்கிழமை

அன்பு மச்சான் எலியசாருக்கு,

நீயும் பிள்ளைகளும் நலமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். உன் அக்கா மிரேயா நலம். நான் நலமாயில்லை. போனில் சொன்னால் போலீஸ் ஒட்டுக்கேட்கும் என்று பயந்து எழுதுகிறேன். படித்ததும் உன் வக்கீல் மருமகனைக் கையோடு கூட்டி வா.

எங்கள் மாடி அறையில், வாடகைக் காரில் ஊர் சுற்றும் தகெமோட்டோ என்ற ஜப்பான் பயணி தங்கியிருக்கிறார். அவர் ஊரில் யாருக்கும் இனாம் கொடுக்கும் வழக்கமே இல்லையாம். "இங்க யாருக்கெல்லாம் கொடுக்கணும் சார்?" என்று நேற்றுக் கேட்டார். உதாரணம் சொல்லாவிட்டால் எனக்குத் திருப்தி ஏது? உணவகத்தில் பில்லோடு சேர்த்தே கேட்பார்கள், சரியென்றால் போதும். டாக்சிக்கு வேண்டாம். சூப்பர் மார்க்கெட்டில் சாமானைப் பையில் போட்டுத் தருகிறவருக்குச் சம்பளமே கிடையாது, அவசியம் கொடுக்க வேண்டும். தெருவில் மஞ்சள் துணியை வீசி வண்டி நிறுத்த இடம் காட்டுகிறவருக்கும் அப்படித்தான். பாடம் மனதில் பதியட்டுமே என்று, "கையை வீசி வண்டிக்கு வழிகாட்டறவர மட்டும் மறந்துடாதீங்க" என்று சுருக்கியும் சொன்னேன். அந்தச் சுருக்கம்தான் வினையாயிற்று.

இன்று காலை பழக்கடை ஓல்கா மூச்சிரைக்க ஓடி வந்தாள். "வாத்தியாரே, உங்க ஜப்பான்காரர் நாற்சந்தியில வண்டிய நிறுத்தி, டிராபிக் போலீஸ்காரர் வெள்ளக் கையுறைக்குள்ள காசத் திணிச்சுட்டாரு! குனிஞ்சு வணக்கம் வேற! பின்னால பஸ்ஸெல்லாம் ஒரே ஹாரன்!"

நம் நாட்டில் போலீஸிடம் காசு நீட்டினால் நேரே சிறைதானே! யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்பார்கள். அவரோ பொய் சொல்லத் தெரியாத மனிதர், என் பெயரை எழுத்துக்கூட்டியே சொல்லிவிடுவார். உன் அக்காவைப் பார்த்தால், "பயப்படாதீங்க, உள்ளயும் போய்ப் பாடம் நடத்துங்க. அங்க யாரும் பாதியில எழுந்து போக முடியாது" என்கிறாள். மஞ்சள் துணிக்கும் வெள்ளைக் கையுறைக்கும் உள்ள வித்தியாசம் இங்கே பால்குடிக்கும் குழந்தைக்குக்கூடத் தெரியும். அதையும் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லையே!

வாசலில் வண்டிச் சத்தம். ஐயோ, போலீஸ்தான். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் பூனையை நீ வைத்துக்கொள். பிள்ளைகளுக்கு என் ஆசி.

அவசரமாக,
உன் அத்தான்
ஹெரிபெர்டோ

பி.கு.: வக்கீல் வேண்டாம். போலீஸ்காரர் தங்கமான மனிதர். "பாவம், புரியாமப் பண்ணிட்டாரு" என்று சிரித்தபடி காசைத் திருப்பிக் கொடுத்து, தகெமோட்டோவோடு வீடுவரை துணைக்கும் வந்தார். இதுவரை எழுதிவிட்டு வாசலுக்குப் போனேன். நம் மேட்டுத் தெருவில் வண்டியை நிறுத்தத் தகெமோட்டோ திணறியபோது, போலீஸ்காரர் பின்னால் நின்று, "வாங்க, வாங்க, இன்னும் கொஞ்சம், போதும்!" என்று கையை வீசினார். அது மட்டும்தான் எனக்குத் தெரியும் மச்சான். என் கை தானாகச் சட்டைப் பைக்குள் போய்விட்டது. வெள்ளைக் கையுறைக்குள் காசு விழுந்த பிறகுதான் சுயநினைவு வந்தது. தகெமோட்டோ என்னைப் பார்த்து, "அப்ப நான் செஞ்சது சரிதானே சார்?" என்று குனிந்து வணங்குகிறார். போலீஸ்காரர் இப்போது சிரிக்கவில்லை.

வக்கீல் வேண்டும்.