கரைக்குக் கீழே தூங்குகிறவர்

சொந்த நிலத்தில் மண்ணைக் கொட்டிச் சின்னதாக ஒரு அணை கட்டி வைத்திருந்த ஒருவர், அது ஒழுகுகிறது என்று உரிய அலுவலகத்துக்கு உரிய முறையில் தெரிவித்தார். அவர் செய்த தவறு அது ஒன்றுதான். இரண்டு கூடை களிமண்ணை அமுக்கிவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் அனுமதியில்லாமல் கரையில் கை வைக்கக் கூடாது என்பது சட்டம். அவரோ சட்டத்துக்குப் பயந்தவர். அவருடைய பழத்தோட்டம் முழுக்க அந்தத் தண்ணீரை நம்பித்தான் இருந்தது. எல்லோரும் அவரைக் கரைக்காரர் என்பார்கள்.

ஆய்வாளர் வந்தார். கரைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கீழே ஆளரவமில்லாமல் கிடந்த தோட்டத்தைப் பார்த்தார்.

“கீழே யாராவது குடியிருக்காங்களா?”

“இல்லைங்க. இங்க பாருங்க, ஒழுகுற இடத்துல தவளையே குடி வந்துடுச்சு.”

“தவளை கணக்குல வராது. கரை உடைஞ்சா யார் சாவாங்க?”

“யாரும் சாக மாட்டாங்க.”

“அப்போ இது பாதுகாப்பான வகை அணை. பாதுகாப்பா இருக்கிறதை எதுக்குப் பழுது பார்க்கணும்? அனுமதி கிடையாது.”

“ஆபத்தான அணையா இருந்தா?”

“உடனே கொடுத்துடுவோம். ஆனா கீழே ஒரு ஆளாவது தூங்கணும். உட்கார்ந்திருந்தா செல்லாது. உட்கார்ந்தவன் எழுந்து ஓடிடுவான்.”

தூங்குவதற்கென்றே பிறந்த ஒருவன் கரைக்காரர் வீட்டிலேயே இருந்தான். மனைவியின் தம்பி. நாலு நாள் இருந்துவிட்டுப் போக வந்தவன். கூடத்து சோபாவில் அவன் உடம்பின் அளவுக்கு ஒரு பள்ளமே விழுந்துவிட்டது.

தம்பியோடு கட்டில் கரையடிக்குப் போனதைப் பார்த்து மனைவி ஓடிவந்தாள். “என் தம்பியை வெள்ளத்துல விடப் பார்க்குறீங்களா?”

“விடலைடி, வகைப்படுத்துறேன்.”

மறுபடி வந்த ஆய்வாளர், கட்டிலருகே நின்று குறட்டையைக் கவனமாகக் கேட்டார். “ஆள் சரி. இவரை வெள்ளம் அடிச்சுக்கிட்டுப் போனா அது இழப்புதான்னு நீங்க உறுதி சொல்லணும்.”

கரைக்காரர் மைத்துனனின் வயிற்றைப் பார்த்தார். அன்று காலை அவருக்கென்று இருந்த கடைசி முட்டையும் அந்த வயிற்றுக்குள்தான் போயிருந்தது. மனைவி இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பேரிழப்பு,” என்றார் பல்லைக் கடித்தபடி.

“சத்தமா சொல்லுங்க.”

“ஈடு செய்ய முடியாத பேரிழப்பு!”

மைத்துனன் ஒரு கண்ணை மட்டும் திறந்தான். “இருக்கட்டும் மாமா.”

அந்தக் கணமே அணை ‘மிக ஆபத்தானது’ என்று தரம் உயர்ந்தது. கரைக்காரர் களிமண் கூடையைத் தூக்கினார்.

“நில்லுங்க!” என்றார் ஆய்வாளர். “ஆபத்துன்னா முதல்ல உயிரைக் காப்பாத்தணும். இவரை மேடான, பத்திரமான இடத்துக்கு மாத்துங்க.”

அவர் கை காட்டிய மேடான இடம், மாடியில் கரைக்காரர் படுக்கும் அறை. மைத்துனன் தலையணையோடு ஏறிப் போனதும் ஆய்வாளர் காலிக் கட்டிலைப் பார்த்தார். “இப்போ கீழே யாரும் இல்லை. அணை பாதுகாப்பாயிடுச்சு. கூடையை வைங்க.”

“நானே வந்து படுத்துக்கிறேனே!”

“உரிமையாளர் கணக்குல வர மாட்டார். சொந்த அணையில சாவுறது சொந்த விஷயம்.”

பெருமழை பெய்த அன்று கரைக்காரர் மேல்முறையீட்டு வரிசையில் நின்றிருந்தார். அணை போனது, தோட்டமும் வேரோடு போனது. செய்தி வந்ததும் அலுவலகத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். “ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை! நாங்க போட்ட வகை எவ்வளவு சரி, பார்த்தீங்களா!”

முன்னனுபவத்தை உத்தேசித்து மைத்துனனுக்கு நிரந்தர வேலை கொடுத்தார்கள். எந்த அணைக்குத் தரம் உயர வேண்டுமோ அதன் கீழே போய்த் தூங்க வேண்டும். அலுவலகத்தில் பலரும் பார்த்துவந்த வேலைதான். இவனுடையது வெளிப்பணி, அவ்வளவே.

கரைக்காரர் மறுபடி மண் கொட்டிக் கட்டிய அணையும் ஒழுகியது; முறைப்படி அவனிடமே போய் நின்றார்.

“உங்களுக்கு முன்னாடி நிறையப் பேர் காத்திருக்காங்க மாமா,” என்றான் அவன், கண்ணைத் திறக்காமல். “முறை வந்தா சொல்லி அனுப்புறேன். அதுவரைக்கும் போய்ப் படுங்க.”

மாடி அறை இன்னும் அவனிடம்தான். கரைக்காரர் கூடத்து சோபாவில் படுத்துக் காத்திருக்கிறார். அந்தப் பள்ளம் இப்போது அவருக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.