மூன்று விலைப்புள்ளிகளும் ஒரு காதும்

"மூணு கொட்டேஷன் வாங்காம நான் ஒரு ஆணிகூட வாங்கினதில்ல" என்றார் கொள்முதல் அதிகாரி.

"ஆணி வளராதுங்க" என்றாள் மனைவி.

அவளுடைய இடக்காதுக்குப் பின்னால் இருந்த புள்ளி வளர்ந்துகொண்டிருந்தது. கிள்ளியெடுத்துச் சோதித்த டாக்டர், தோல் புற்றுநோய்தான், சுலபத்தில் பரவுகிற வகையில்லை, ஆனால் தள்ளிப்போடாதீர்கள் என்றார். பயம் வந்தால் அதிகாரிக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் விலை விசாரிப்பதுதான்.

மனைவியால் தையல் கடையை விட்டு அலைய முடியாது. அதனால் அவள் காதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு கிளம்பினார். படத்தில் பாதி அவருடைய கட்டைவிரல்.

முதல் மருத்துவமனையில் உறையவைத்து எடுப்பதாகச் சொன்னார்கள். கொள்ளை மலிவு. "ஆனா ஆழமா இருந்தா சரிவராது. ஆளைக் கூட்டிட்டு வாங்க சார், விரலைக் காட்டாதீங்க."

அடுத்த இடத்தில் களிம்பு. ஒரு குழாயின் விலையைக் கேட்டுப் பூரித்தவர், எத்தனை குழாய் என்று கேட்டுச் சுருங்கினார். மூன்றாவது இடத்தில் கதிர்வீச்சு. தினமும் வரவேண்டுமாம், வண்டிச் செலவையும் சேர்த்தால் கணக்கு எகிறியது. திரும்ப முதல் இடத்துக்கே ஓடினார்.

"அது பழைய விலை சார்."

"ரெண்டு பேருக்குச் சேர்த்துச் செஞ்சா குறைப்பீங்களா?"

"ரெண்டாவது ஆள் யாரு?"

அவர் தன் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டே வெளியேறினார்.

"நிதானமா விசாரிங்க, ஒண்ணும் அவசரமில்ல" என்றாள் மனைவி. முதல் நாள் பதறியவள் இப்படிச் சொன்னது அவருக்குத் தெம்பாக இருந்தது. கூந்தலைக் காது மறையத் தழைய விட்டிருந்தாள். அதுவும் அழகாகத்தான் இருந்தது.

நான்காவது இடத்து டாக்டர் அம்மா பொறுமையாக விளக்கினார். "மெல்லிசா ஒரு படலம் எடுத்து, அப்பவே மைக்ராஸ்கோப்ல பார்ப்போம். எந்த ஓரத்துல மிச்சம் இருக்கோ, அங்க மட்டும் இன்னொண்ணு எடுப்போம். சுத்தமாகிற வரைக்கும்."

"அதுவரைக்கும் நோயாளி?"

"வெளியில உக்காந்து டீ குடிப்பாங்க."

அதிகாரி விலையைக் கேட்டார். இருந்த விலைகளிலேயே இதுதான் உச்சம். டாக்டர் திரையைத் திருப்பினார். "போன வாரம் செஞ்சது. அவங்க சம்மதத்தோடதான் காட்டறேன்."

திரை நிறைய ஒரு காது. அதன் பின்னால் முடி அளவுக்கு ஒரு கோடு, பூச்சி நடந்த தடம்போலத் தையல்கள். காலமெல்லாம் சரக்கில் குற்றம் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவர், குறை சொல்ல ஓர் இடம் தேடினார். கிடைக்கவில்லை. மனிதக் கையால் இப்படியும் முடியுமா என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பேரம் பேசுவதற்கே மறந்துபோனார்.

"எங்களுக்கும் இதே மாதிரி காது வேணும் டாக்டர்!" என்றார். பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

மறுநாள் மனைவியைக் கைப்பிடித்து அழைத்துவந்தார். "துளிகூடப் பயப்படாதே. நானே கண்ணால பார்த்தேன். என்ன காது தெரியுமா! அடடா!"

"அப்படியா?" என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

நர்ஸ் வெளியே வந்தாள். "வாங்கக்கா, தையல் பிரிச்சுடலாமா?" என்று மனைவியின் கூந்தலை ஒதுக்கியவள், அதிகாரியைப் பார்த்து முகம் மலர்ந்தாள்.

"நேத்து கண்ணு கலங்கிப் பார்த்தீங்களே, அது இவங்க காதுதான் சார். ஆமா, இவங்களுக்கு நீங்க என்ன வேணும்?"