கவ்போய் அண்ணையின் துவக்கு

துவக்கைக் கண்ணால் பார்க்காமல் காதால் பார்த்து வாங்கிய மனிதர் மொன்றியலில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் பியர்பொன்ட்ஸ் பகுதிக் கவ்போய் அண்ணை. குதிரை ஏறியதில்லை, தொப்பி போட்டதில்லை. பேக்கரியில் வேலை, உடம்பில் எந்நேரமும் பச்சை ஸ்வெற்றர். ஆனால் லீவர் துவக்கு என்றால் உயிர். படத்தில் குதிரைக்காரர்கள் துப்பாக்கி விசைக்குக் கீழே உள்ள வளையத்தைத் தள்ளி இழுத்து அடுத்த ரவைக் குண்டை ஏற்றுவார்களே, அதுதான்.

நானும் அவரும் ஒன்றாகத்தான் லைசென்ஸ் எடுத்து, ஒரே துவக்குக் கிளப்பில் சேர்ந்தோம். துவக்கு வாங்கவும் ஒன்றாகவே போனோம். நான் ஒரு குளிர்காலம் முழுக்க யூடியூப்பில் படித்திருந்தேன். அண்ணையோ ஒவ்வொரு வெறும் துவக்காகக் கையில் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு லீவரை இழுத்துச் சத்தம் கேட்டார். கடைக்காரர் பிரெஞ்சில் ஏதோ விளக்க வர, "மெர்சி, கொஞ்சம் பொறுங்கோ" என்று பாதித் தமிழிலேயே அடக்கினார்.

"இது மண் அரைக்குது. இது பிறிஜ் கதவு. ஓம், இது கதைக்குது."

கதைத்தது, பிஸ்டல் ரவை போடும் சின்னத் துவக்கு. நான் பெரிய ரவைத் துவக்கைக் காட்டினேன்.

"கடதாசியில ஓட்டை போட யானைத் துவக்கோ? இதெண்டால் தோளை இடியாது."

நான் யானைத் துவக்கையே வாங்கினேன். முதல் ஞாயிறே தோள் நாவல்பழ நிறமானது. மனைவி எண்ணெய் பூசிக்கொண்டே, "அண்ணைக்கு ஒண்டும் ஆகேல்லையாம்" என்றாள். நோவு இரட்டிப்பானது.

அவள் அண்ணையையும் விடவில்லை. "ஊரில துவக்கைக் கண்டு ஓடி வந்தனாங்கள். இங்க வந்து வாங்கிறியள்."

"அது எங்களைப் பாத்த துவக்கு, தங்கச்சி. இது கடதாசியைப் பாக்குது."

இந்தப் பதில் எனக்கு ஏன் வரவில்லை என்று சாப்பாடு இறங்கவில்லை.

பிறகு அண்ணை துவக்கை மெருகேற்றத் தொடங்கினார். திருத்துபவரிடம் கொடுத்து, உள்ளே உரசும் இடங்களை மினுக்குவித்தார். வயசுக் கண்ணுக்கேற்ப, சின்ன ஓட்டை வழியே குறி பார்க்கும் சைற் பூட்டுவித்தார். விரல் நோகாதிருக்க லீவருக்குத் தோல் சுற்றினார்.

"நல்ல தோல். எங்க எடுத்தனீங்கள்?"

"என்ர மனுசீன்ர ஹான்ட்பாக்."

"அவவுக்குத் தெரியுமோ?"

"பாக் துலைஞ்சது தெரியும்."

கிளப்பிலிருந்த கியூபெக் கிழவர்கள் அதை ஒருமுறை இழுத்துப் பார்க்க வரிசையில் நின்றார்கள். என் துவக்கைப் பற்றியும் ஒருவர் கேட்டார், சத்தம் காதை அடைக்கிறது, சற்றுத் தள்ளி நின்று சுட முடியுமா என்று.

இலையுதிர்காலப் போட்டி வந்தது. அண்ணையை வென்றே தீருவதென்று போனேன். பாதியில் என் லீவர் இறுகிவிட்டது. நடுவர் வந்து ரவைகளை இறக்கிவிட்டுக் கையை விரித்தார். தன் முறையை முடித்திருந்த அண்ணை, நடுவரிடம் கேட்டுக்கொண்டு, தன் துவக்கையும் ரவையையும் என் முன்னால் வைத்தார்.

"மிச்சத்தை இதால அடி."

"அண்ணை, நான் உங்களை வெல்லப் பாக்கிறன்."

"வெல்லன். ஆர் மறிச்சது?"

வென்றேன். எல்லோரும் ஓடிவந்து அண்ணையின் துவக்கைத் தடவிக் கொடுத்தார்கள். ஒருவர் அதோடு படமும் எடுத்தார். கோப்பையோடு நான் ஓரமாக நின்றேன். திரும்பும் வழியில் காரில் அண்ணை, "உன்ர கை நல்ல கை. துவக்குத்தான் பிழை" என்றார். அதையும் அன்பாகச் சொல்லித் தொலைத்தார்.

போன வாரம் அவர் பேரப்பிள்ளையைப் பார்க்க வன்கூவர் போய்விட்டார். ஞாயிறு கிளப்புக்குத் தனியே போனேன். நன்றாகத்தான் சுட்டேன். பொறாமைப்பட ஆளில்லாமல் பாதியிலேயே எழுந்து வந்து, அவருக்குப் போன் எடுத்தேன்.