கூட்டாளிக்கு வந்த காற்று

“எனக்கு இல்ல டாக்டர். என் கூட்டாளிக்கு.”

சொல்லி முடித்த பிறகுதான் ராதாகிருஷ்ணனுக்கு மூச்சு வந்தது. பிரிக்பீல்ட்ஸ் கிளினிக்கில் அவர் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் விடுமுறையில் போயிருந்தார். அந்த நாற்காலியில் பிரேமினி உட்கார்ந்திருந்தாள். ஷா ஆலம் அரசாங்க ஆபீசில் அவரோடு வேலை பார்த்த வல்லிபுரத்தின் மகள். குழந்தையாக இருந்தபோது தோளில் தூக்கி வைத்துக் கொஞ்சியிருக்கிறார். அவளிடம் போய் இதை எந்த வாயால் சொல்வது?

“கூட்டாளிக்கு என்ன அங்கிள்?”

“ஒண்ணுக்குப் போறப்ப காத்தும் சேர்ந்து வருதாம்மா. டயர்ல காத்து இறங்குற மாதிரி சத்தம்.”

பிரேமினி சிரிக்கவில்லை. “கலங்கலா போகுதா?”

“ஆமா. காலையில ரொம்ப.”

“எரிச்சல்?”

“உயிர் போகுது.” சட்டென்று சுதாரித்துக்கொண்டார். “போகுதுன்னு சொன்னான்.”

“இது சும்மா விடுற விஷயம் இல்ல அங்கிள். குடலுக்கும் மூத்திரப் பைக்கும் நடுவுல இருக்கக்கூடாத வழி ஒண்ணு உண்டாயிருக்கலாம். எண்டிரோவெசிகல் ஃபிஸ்டுலான்னு சொல்வோம். ஸ்கேன் எடுக்கணும். ஆபரேஷன் கூட தேவைப்படலாம்.”

அந்தச் சின்னச் சத்தத்துக்கு இவ்வளவு நீளமான பெயரா!

“ஏதாவது மருந்து இருந்தா குடும்மா. நான் கொண்டு போய்க் குடுத்துடுறேன்.”

“ஆளைப் பார்க்காம எப்படிலா குடுக்குறது? அவர் பேர் என்ன?”

வாயில் வந்த முதல் பெயரைச் சொன்னார். “பக்கிரிசாமி.”

“கிள்ளான்ல வொர்க்‌ஷாப் வச்சிருக்காரே, அவரா? எங்க அப்பா கார் அவர்கிட்டதானே போகுது! நாளைக்கு நீங்க கூட்டிட்டு வரலன்னா நானே போன் பண்ணிடுவேன்.”

பக்கிரிசாமி கோபக்காரர். அவர் ரிப்பேர் செய்த காரில் சத்தம் வருகிறது என்று சொன்ன ஒருவரை ஸ்பேனரோடு ரோடு வரைக்கும் துரத்தியவர். அவரிடமே சத்தம் வருகிறது என்று இந்தப் பெண் போன் செய்தால் என்ன ஆகும்? நாமே கூட்டிப் போய்விடுவதுதான் நல்லது என்று ராதாகிருஷ்ணன் முடிவு செய்தார். டாக்டர் எப்படியும் ஏதாவது மாத்திரை எழுதுவாள். பக்கிரி அதைத் தூக்கிப் போடுவான். நாம் எடுத்து விழுங்கிவிடலாம்.

மறுநாள் கிள்ளானுக்குப் போனார். பக்கிரிசாமி ஒரு லோரிக்கு அடியில் படுத்திருந்தார்.

“ஒரு செக்கப் பண்ணிட்டு வரலாம், வாடா.”

“எனக்கு எதுக்குடா செக்கப்பு? நான் இரும்பு மாதிரி இருக்கேன்.”

“எனக்குத் தனியா போக பயமா இருக்கு.”

அது ஒன்றுதான் அவர் சொன்ன உண்மை. பக்கிரிசாமி மறு பேச்சில்லாமல் வெளியே வந்து கையைக் கழுவினார்.

கிளினிக்கில் இருவரும் உட்காருவதற்குள் பிரேமினி தொடங்கிவிட்டாள்.

“பக்கிரிசாமி அங்கிள், ராதா அங்கிள் எல்லாத்தையும் சொன்னார். ஒண்ணுக்குப் போறப்ப காத்து வருதாமே?”

பக்கிரிசாமியின் முகம் சிவந்தது. மெல்லத் திரும்பி ராதாகிருஷ்ணனைப் பார்த்தார். ராதாகிருஷ்ணன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

“நீங்க கொஞ்சம் வெளியே இருங்க அங்கிள்,” என்றாள் பிரேமினி.

கதவு மூடியது. உள்ளே சத்தமே இல்லை. கத்தினாலாவது பரவாயில்லை என்று தோன்றியது அவருக்கு. வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து வந்த சிநேகம் இன்றோடு போச்சு. போகட்டும். ஒரு பாவமும் அறியாத மனுஷனை ஆபரேஷன் வரைக்கும் தள்ளிவிடுவதா? அவன் வெளியே வந்ததும் காலில் விழுந்து, எல்லாம் எனக்குத்தான் என்று சொல்லிவிட வேண்டியதுதான்.

ரொம்ப நேரம் கழித்துக் கதவு திறந்தது. பக்கிரிசாமி வந்து பக்கத்து நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

“டேய் பக்கிரி, என்னை மன்னிச்சிடு. உண்மையைச் சொல்லிடுறேன்...”

பக்கிரிசாமி அவர் கையை இறுக்கிப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. அக்கம் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“மாசக் கணக்கா என் பொண்டாட்டிக்கே தெரியாம மறைச்சு வச்சிருந்தேன். உனக்கு எப்படிடா தெரிஞ்சுச்சு?”