கட்டிலுக்கடியில் உலக நிலவரம்

அன்புள்ள வாசகரே, சாப்பாட்டைப் பார்த்தால் பசிக்கிறவர்கள் உண்டு. பார்க்காவிட்டாலும் பசிக்கிறவர்கள் உண்டு. இவர்களால் யாருக்கும் ஆபத்தில்லை, விட்டுவிடுவோம். நான் இன்று அறிமுகப்படுத்த வந்திருப்பது வேறு ஒரு பிறவியை: பத்திரிகையைப் பார்த்தால் பசிக்கிறவர்.

எல்லாத் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார். எங்கள் தெருக்காரருக்குப் பஞ்சம் மாமா என்று பெயர். பெற்றோர் வைத்ததல்ல, தெருப் பிள்ளைகள் வைத்தது. காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. பகலெல்லாம் அடுத்தவர்களைப் பயமுறுத்திவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்து தன்னையே பயமுறுத்திக்கொள்வார்.

அவர் இதுவரை பார்த்திராத, இனிமேலும் பார்க்கப்போகாத ஏதோ ஒரு கால்வாயில் கப்பல் தரைதட்டினால் இவருக்கு உடனே கோதுமை மாவு வேண்டும். எங்கோ மழை பொய்த்தால் அரிசி, எங்கோ மழை கொட்டித் தீர்த்தால் வெங்காயம், இரண்டு நாடுகள் முறைத்துக்கொண்டால் சமையல் எண்ணெய், அவை சமாதானமாகப் போய்விட்டால் "இதுல ஏதோ உள்குத்து இருக்கு" என்று இன்னொரு டின் எண்ணெய். உரம் விலை ஏறியதா? பருப்பு. டீசல் விலை ஏறியதா? எல்லாமே.

அந்த வீட்டுக்குள் ஒரு தடவை போய்ப் பாருங்கள். செருப்பைக் கழற்ற இடமிருக்காது. துணி அலமாரியைத் திறந்தால் சட்டைக்குப் பதிலாக உப்புப் பாக்கெட் விழும். மூலையில் வெங்காயம் முளைவிட்டு ஜன்னலைத் தேடிக்கொண்டிருக்கும். அரிசியில் பிடித்த வண்டைப் போக்க, ஞாயிற்றுக்கிழமைதோறும் மொட்டை மாடியில் காயவைத்து, புடைத்து, மறுபடி மூட்டை கட்டுவது அவர் மனைவியின் வேலை.

"உலகத்துக்குப் பஞ்சம் வருதோ இல்லையோ, இந்த வண்டுக்கு வரவே வராது" என்பார் அந்த அம்மாள்.

"சிரிக்காதே. வருமுன் காக்கணும்."

"காத்தது போதுங்க. காலை நீட்டிப் படுக்க எடம் வேணும்."

தப்பாக எண்ணிவிடாதீர்கள். மழை பொய்ப்பது நிஜம். சண்டையில் துறைமுகத்தை மூடிவிடுவதும், விளைந்தது வாகனம் கிடைக்காமல் வயலிலேயே அழுகுவதும், அதனால் எங்கோ யாரோ பட்டினி கிடப்பதும் நிஜம்தான். மாமா படிக்கிற செய்தியில் பொய்யில்லை. படித்து முடித்ததும் அவருக்குத் தோன்றுகிற ஒரே பரிகாரம் பையை எடுப்பது. கோளாறு அங்கேதான்.

வாங்குவதோடு நின்றாலும் பரவாயில்லை. நல்ல மனசுக்காரர் அல்லவா, சொல்லாமல் இருக்க முடியாது. முடிவெட்டுகிறவரிடம், அலுவலக லிஃப்டில், மாடிப்படியில் எதிரே வருகிறவரிடம், தோளைத் தொட்டு, குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கு மட்டும் சொல்றேன்" என்று ஆரம்பிப்பார். ஊரில் எல்லோருக்கும் 'மட்டும்' சொல்லி முடிப்பதற்குள் கடை அலமாரி காலி. உடனே மாமாவின் முகம் மலர்ந்துவிடும். "அப்பவே சொன்னேன்ல?" காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று நினைக்காதீர்கள். இங்கே காக்கையே மரத்தைப் பிடித்து உலுக்கியிருக்கிறது.

போன மாதம் பால்பவுடரின் முறை. எங்கோ புல் காய்ந்து, தீவனம் விலை ஏறி, வளர்க்க முடியாமல் மாடுகளை விற்கிறார்கள் என்று செய்தி. மாமா வீட்டில் குழந்தை கிடையாது. இருக்கிற ஒரே மகனுக்கும் தலை வழுக்கையாகிக்கொண்டு வருகிறது. அதனாலென்ன? குழந்தைப் பால்பவுடர் டின்கள் ஆட்டோவில் வந்து இறங்கிக் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டன. வழக்கம்போல் எல்லோருக்கும் 'மட்டும்' சொல்லப்பட்டது. இரண்டொரு நாளில், தெருமுனைக் கடையிலிருந்து பெரிய கடைவரை துடைத்துவைத்த மாதிரி ஆகிவிட்டது.

மாமாவின் வீட்டுக்கு மேல்வீட்டில் ஒரு நர்ஸ் குடியிருக்கிறாள். கைக்குழந்தைக்காரி. டாக்டர் எழுதிக்கொடுத்த அந்த ஒரு பவுடர்தான் குழந்தைக்கு வயிற்றில் தங்கும். டியூட்டி முடிந்த கையோடு கடைகடையாக அலைந்துவிட்டு, காலி டின்னும் கையுமாக, விவரம் தெரிந்தவராயிற்றே என்று மாமாவிடமே வந்தாள்.

"சார், எப்ப சார் ஸ்டாக் வரும்? இன்னும் ஒரு வேளைக்குத்தான் இருக்கு. அப்புறம் வெறும் தண்ணியவா குடுக்க முடியும்?"

ஐயோ, மாமாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! ஆடிப்போய்விட்டார். கட்டிலில் உட்கார்ந்தபடியே கைகளை விரித்தார்.

"என்னம்மா பண்றது? தீவனம் இல்ல, மாடு இல்ல, கப்பல் கூலி வேற ஏறிப்போச்சு. பச்சக் குழந்தைங்க வயித்துல அடிக்கிறாங்களே! மனுஷங்களுக்கு மனசாட்சியே இல்லாமப் போச்சும்மா!"

நடிப்பில்லை. கண்ணில் நிஜமாகவே தண்ணீர். மாடியில் குழந்தை பாலுக்காக வீறிட்டு அழுகிறது. கீழே இவர் உலகத்துக்காக அழுகிறார். அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் கீழே அதே பவுடர் டின்கள் அடுக்கு அடுக்காக இருக்கின்றன. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷத்தில் அவருக்கு அவை ஞாபகத்திலேயே இல்லை.

சமையலறையிலிருந்து அந்த அம்மாள் வந்தார்.

"காலைத் தூக்குங்க."

தூக்கினார். அம்மாள் குனிந்து, டின்களை ஒவ்வொன்றாக இழுத்து நர்ஸின் கையில் அடுக்கினார். "நீ மொதல்ல ஓடும்மா, குழந்தை அழுவுது. மீதிய நான் கொண்டாந்து தரேன்."

நர்ஸ் டின்களைப் பார்த்தாள். அப்புறம் மாமாவை ஒரு பார்வை பார்த்தாள். நீங்களும் நானும் என்றால் காலியான அந்த இடத்தில் புகுந்து ஒளிந்துகொண்டிருப்போம். மாமாவா? எழுந்து நின்று மார்பை நிமிர்த்தினார்.

"பாத்தியாம்மா! நான் மட்டும் வாங்கி வைக்கலன்னா, இன்னிக்கு உன் குழந்தை கதி என்ன ஆயிருக்கும்?"

தலையில் அடித்துக்கொள்கிறீர்களா? நன்றாக அடித்துக்கொள்ளுங்கள். இப்படியும் ஒரு மனுஷனா என்று கேட்கிறீர்கள், நியாயம்தான். உங்களுக்கும் எனக்கும் அந்தப் புத்தி கிடையாது. நாமெல்லாம் படித்தவர்கள், வதந்தியை நம்ப மாட்டோம், தேவைக்குத்தான் வாங்குவோம். அது கிடக்கட்டும். துறைமுகத்தில் வேலை பார்க்கிற என் மைத்துனன் நேற்று ஒரு விஷயம் சொன்னான். இந்த வருஷம் கரும்பு சரியில்லையாம். வரவேண்டிய சர்க்கரைக் கப்பலும் பாதி வழியில்...

அட, ஏன் எழுந்துவிட்டீர்கள்? பையை எதற்குத் தேடுகிறீர்கள்? உட்காருங்கள் ஐயா. எனக்கு மைத்துனனே கிடையாது.